நாலு கிண்ணமும் வரட்டும்

ஒரே வாரத்தில் உலகத்தைப் படைத்து முடித்து, கடைசி நாளில் ஓய்வும் எடுத்துக்கொண்டார் கடவுள். அதே ஒரு வாரத்தில் என் மகளிடம் ஒரு வாக்கியம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாக்கியமும் அப்படியொன்றும் நீளமில்லை. 'சோஃபியாவை நான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன்.' குளியலறைக் கண்ணாடியின் முன் நின்று சொல்லிப் பார்த்தபோது நன்றாகவே வந்தது. கண்ணாடியும் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் கண்ணாடியை நான் பெற்று வளர்க்கவில்லையே.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் நானும் சோஃபியாவும் பங்குத்தந்தையின் அறைக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருந்தோம். கிளெமென்ட், அறுபதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர். சோஃபியா, அறுபதைத் தொடப் போகிறவர், கணவரை இழந்தவர். பங்குத்தந்தை கண்ணாடியைக் கழற்றி எங்களைப் பார்த்தார். பிறகு அதைப் போட்டுக்கொண்டும் பார்த்தார். இரண்டு விதத்திலும் நாங்களாகவே இருந்தோம்.

"சந்தோஷம். அடுத்த ஞாயிறே முதல் ஓலை வாசிச்சிடலாம்," என்றார்.

ஓலை என்றால், இன்னார் இன்னாரை மணக்கப் போகிறார் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசைகளில், சபை முழுக்கக் கேட்கும்படி ஒலிபெருக்கியில் வாசிப்பது. தொம்மலூரில் அதற்குப் பிறகு எந்த ரகசியமும் ரகசியமில்லை. அதற்கு முன்பும் பெரிதாக இல்லை.

முற்றத்தில் மாதா சொரூபம் வைத்த கெபிப் பக்கத்தில் நின்று சோஃபியா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஓலை வாசிக்கறதுக்கு முன்னாடி ஆஞ்சலாவுக்குத் தெரிஞ்சிருக்கணும். உங்க வாயால. இல்லேன்னா சனிக்கிழமை சாயங்காலம் நானே வந்து பேரை எடுத்துடச் சொல்லிடுவேன்."

"ஒரு வாரம் இருக்கே," என்றேன், ஒரு வாரம் என்பது என்னவென்று தெரியாதவனாக.

திங்கட்கிழமை ஆஞ்சலாவுக்குப் போன் செய்து தண்ணீர் லாரியைப் பற்றிப் பேசினேன். புதன்கிழமை அடுகோடியில் அவள் வீட்டுக்கே போய்ச் சமையலறைக் குழாயைச் சரிசெய்துவிட்டு வந்தேன். நான் போகும்வரை அந்தக் குழாய் நன்றாகத்தான் இருந்தது. வியாழக்கிழமை வாட்ஸ்அப்பில், 'ஆஞ்சலா, டாடி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்' என்று அடித்து, அழித்து, ஒரு ரோஜாப்பூப் படத்தை அனுப்பினேன். அதில் குட் மார்னிங் என்று எழுதியிருந்தது. அப்போது மாலை.

அப்படியாகச் சனிக்கிழமை வந்துவிட்டது. என் கையில் மிச்சமிருந்தது ஒரு மதியச் சாப்பாடு.

ராமென் கடை என் யோசனை. எங்கள் தெருக்கோடியில் புதிதாகத் திறந்திருக்கிறார்கள். நூடுல்ஸைப் பெரிய கிண்ணத்தில் சூப்போடு தருகிற ஜப்பான்காரர் சாப்பாடு. மருமகன் நரேஷ் ஒரு மாதமாக அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு அந்தக் கடையில் பிடித்தது ஒன்றே ஒன்று. எங்கள் பங்கு மக்கள் யாரும் அங்கே வர மாட்டார்கள். பூசைக்குப் பிறகு அவர்கள் நாக்கு பிரியாணிக்கு அப்பால் பயணம் செய்து நான் பார்த்ததில்லை.

திட்டம் எளிமையானது. ஆஞ்சலாவும் நரேஷும் முதலில் வருவார்கள். உட்காருவோம். தண்ணீர் வரும். வாக்கியத்தைச் சொல்வேன். அவள் கோபப்பட்டு, அழுது, மூக்கைச் சிந்தி முடிக்கும் நேரத்தில், அரைநாள் பள்ளி முடிந்து சோஃபியா வருவார். நாலு பேருக்கு இடம் சொல்லி வைத்திருந்தேன்.

திட்டம் வாசற்படியிலேயே செத்தது.

"அங்கிள், நாலு பேரும் வந்தாத்தான் உள்ள உட்கார வைப்போம். ஒருத்தர் குறைஞ்சாலும் வெயிட் பண்ணணும்," என்றாள் வாசலில் நின்ற கடைப் பெண் அனன்யா. கையில் ஒரு டேப்லெட், அதில் என் பெயர், என் பெயருக்கு மேலே வேறு நிறையப் பெயர்கள். "உள்ள பன்னிரண்டு ஸ்டூல்தான் அங்கிள்."

தூறிக்கொண்டிருந்தது. நடைபாதையில் கூரைத் துணிக்கு அடியில் இளைஞர் கூட்டம். அத்தனை பேர் நடுவில் பென்ஷன் வாங்குகிறவன் நான் ஒருவன்தான்.

"நாலு பேரா?" ஆஞ்சலா திரும்பினாள். "நாம மூணு பேர்தானே டாடி?"

"இன்னொருத்தர் வர்றாங்க."

"யாரு?"

பேச்சுக்குக் கதவு தானாகவே திறந்து நிற்கிறது. நுழைய வேண்டியதுதான். என் தொண்டைக்குள் அந்த வாக்கியம் எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மறுபடி உட்கார்ந்துவிட்டது.

"தெரிஞ்சவங்கதான்," என்றேன்.

ஆஞ்சலா என்னையே பார்த்தாள். பிறகு நரேஷைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு என் அருகில் வந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"டாடி. உண்மையைச் சொல்லுங்க. ரிப்போர்ட் ஏதாவது வந்திருக்கா?"

"என்ன ரிப்போர்ட்?"

"மம்மி ரிப்போர்ட் வந்தப்பவும் இப்படித்தான். சும்மா பிரியாணி சாப்பிடலாம் வான்னு கூப்பிட்டீங்க. நான் லெக் பீஸைக் கையில வெச்சுக்கிட்டு இருந்தப்ப சொன்னீங்க."

எனக்கு அது ஞாபகமே இல்லை. அவளுக்கு லெக் பீஸ் உட்பட ஞாபகம் இருந்தது. நாலு வருஷம் ஆகிறது ரெஜினா போய். அதற்குப் பிறகு நான் அவளை வெளியே சாப்பிடக் கூப்பிட்டது இன்றுதான் என்பதும் அப்போதுதான் எனக்குத் தட்டுப்பட்டது. திங்கட்கிழமைத் தண்ணீர் லாரி, புதன்கிழமைக் குழாய், ரோஜாப்பூ எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து அவள் ஒரு வாரமாகப் பயந்துபோய் இருந்திருக்கிறாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. பிபி நார்மல். சுகர் பார்டர்ல நிக்குது, உள்ள வரலை."

"சத்தியமா?"

"மாதா சத்தியமா."

அவள் மூச்சு விட்டாள். அந்த மூச்சைப் பார்த்த பிறகு வேறு எதையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோழைக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடும்.

அந்த நேரம் பார்த்து, தெரு முனையில் ஒரு சிவப்புக் குடை திரும்பியது.

"அய்யோ, சோஃபியா மிஸ்," ஆஞ்சலாவின் முகம் மலர்ந்தது. "மிஸ், நீங்க எங்க இங்க?"

ஆஞ்சலாவுக்கு எட்டாம் வகுப்பில் கன்னடம் சொல்லிக்கொடுத்தவர் சோஃபியா. வீட்டில் தமிழ் பேசுகிற டீச்சர், தமிழ் பேசுகிற பிள்ளைகளுக்குக் கன்னட இலக்கணம் நடத்துவது எங்கள் ஊரில் சாதாரணம். அப்போது ஒக்கலிபுரத்தில் இருந்தார். கணவர் இறந்த பிறகு தொம்மலூருக்குத் தங்கை வீட்டுப் பக்கம் வந்து, எங்கள் கோயில் பாடகர் குழுவில் சேர்ந்தார். திரையில் பாட்டு வரிகளைக் காட்டுவது என் பொறுப்பு. நான் எப்போதும் ஒரு சரணம் பின்னால்தான் இருப்பேன். மாடத்திலிருந்து அவர் கையைக் காட்டி எனக்கு அடுத்த பக்கம் போகச் சொல்வார். எங்கள் காதல் கதை அவ்வளவுதான்.

சோஃபியா குடையை மடக்கியபடி ஆஞ்சலாவின் முகத்தைப் பார்த்தார். அதில் இருந்த கள்ளமில்லாத சந்தோஷத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தவனை அவருக்கு முப்பது வருஷமாகத் தெரியும்.

"சாப்பிடத்தான் வந்தேன்மா," என்றார் சோஃபியா.

"நாலு பேரும் வந்தாச்சா அங்கிள்?" அனன்யா கேட்டாள்.

"வந்தாச்சு," என்றேன்.

ஆஞ்சலா நிமிர்ந்தாள். "மிஸ்தான் அந்த நாலாவது ஆளா?"

"உங்க டாடி சொல்வார்," என்றார் சோஃபியா. அதைச் சொன்ன தொனியில், உள்ளே போய் நான் பெஞ்சு மேல் ஏறி நிற்க வேண்டியிருக்குமோ என்று பட்டது.

உள்ளே கால் வைத்ததும் சமையல்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஜப்பானிய மொழியில் ஏதோ ஒரே குரலில் கத்தினார்கள். நான் அரண்டுபோய், "ஸ்தோத்திரம்," என்றேன். "வரவேற்கறாங்க மாமா, பயப்படாதீங்க," என்றான் நரேஷ்.

மேசை என்று எதுவும் இல்லை. அடுப்புகளைப் பார்த்த மாதிரி ஒரே நீளப் பலகை, அதன் முன் வரிசையாக ஸ்டூல்கள். சுவரோரம் நான், அடுத்து ஆஞ்சலா, அவளுக்கு அந்தப் பக்கம் நரேஷ், கடைசியில் சோஃபியா. யாரும் யார் முகத்தையும் பார்க்க முடியாது. பாவசங்கீர்த்தனம் செய்ய உண்டாக்கின இடம் மாதிரியே இருந்தது. ஆனாலும் நான் செய்யவில்லை.

"டாடி, என்ன விஷயம்? மிஸ்ஸுக்கு ஏதாவது பிரச்சனையா?" ஆஞ்சலா கிசுகிசுத்தாள்.

"சாப்பிட்டுட்டு சொல்றேன்."

"ஏன் சாப்பிட்டுட்டு?"

"நீ கையில எதையாவது வெச்சுக்கிட்டு இருக்கும்போது சொல்லக்கூடாதுன்னுதான்."

நாங்கள் மூன்று பேரும் பன்றிக்கறி ராமென் சொன்னோம். நரேஷுக்குக் காளான் போட்டது. அவன் மண்டியாக்காரன், மற்ற நாளில் எதையும் விடமாட்டான். சனிக்கிழமை மட்டும் ஆஞ்சநேயருக்காகச் சைவம். எங்களுக்கு வெள்ளிக்கிழமை, அவனுக்குச் சனிக்கிழமை. வார இறுதியில் எங்கள் குடும்பத்துக்குச் சமைப்பது ஒரு தனி நிர்வாகம்.

முதல் கிண்ணம் வந்தது. என் முன்னால் வைத்தார்கள். பால் மாதிரி வெளுத்த சூப், ஆவி முகத்தில் அடித்தது. பாதியாக வெட்டிய முட்டையின் மஞ்சள் கரு பாகு போல நின்றது. அடுத்து ஆஞ்சலாவுக்கு வந்தது. அடுத்து சோஃபியாவுக்கு. நரேஷுக்கு வரவில்லை. சைவத்துக்குத் தனிப் பாத்திரம், தனித் தண்ணீர். அது இப்போதுதான் கொதிக்கிறதாம்.

நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம்.

எங்கள் வீட்டு வழக்கம் அது. தட்டு எல்லாருக்கும் வந்தாக வேண்டும். பிறகு வீட்டுப் பெரியவர் ஜெபம் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஒரு பருக்கை வாயில் போகாது. ஆஞ்சலா அப்படி வளர்ந்தவள். சோஃபியாவும் அப்படித்தான். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நரேஷே அந்த வழக்கத்துக்கு வந்துவிட்டான். போன தசராவுக்கு மண்டியாவில் அவன் வீட்டு ஆட்கள் எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம்.

பலகைக்கு அந்தப் பக்கம் நின்ற சமையல்காரர், தலையில் துணி கட்டியவர், எங்களைப் பார்த்தார். கிண்ணங்களைப் பார்த்தார். சட்டையில் ரவிக்குமார் என்று பெயர் குத்தியிருந்தது.

"சார், சாப்பிடுங்க சார். ஆறிடும்."

"நாலு கிண்ணமும் வரட்டும்," என்றேன்.

"அது டைம் ஆகும் சார். இது அப்படியே சுடச்சுட உறிஞ்சணும். நூடுல்ஸ் ஊறிடுச்சுன்னா போச்சு."

"பரவால்லப்பா. ஜெபம் சொல்லணும்."

"நான் இல்லாம சொல்லிடுங்க மாமா, ஆய்து, அவ்வளவுதானே," என்றான் நரேஷ்.

"நீ இல்லாம எப்படி?"

ரவிக்குமார் திரும்பிப்போய்க் காளான் தண்ணீரின் மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார். தன் பிள்ளை ஓட்டப் பந்தயத்தில் ஓடாமல் நிற்பதைப் பார்க்கிற தகப்பன் முகம். எங்கள் கிண்ணங்களில் நூடுல்ஸ் மெல்ல மெல்லப் பருத்துச் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தது.

கடைசியில் நாலாவது கிண்ணம் வந்தது. ரவிக்குமார் அதை வைத்துவிட்டு, "இப்ப சார்," என்றார் கெஞ்சலாக.

நான் சிலுவை போட்டேன். மற்றவர்களும் போட்டார்கள். நரேஷ் கை கூப்பினான். கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடினால் வாய் தன் பாட்டில் ஓடும். இத்தனை வருஷப் பழக்கம்.

"ஆண்டவரே, எங்களையும் நாங்கள் உண்ணப்போகும் இந்த உணவையும் ஆசீர்வதியும். இதைச் சமைத்தவர்களை ஆசீர்வதியும். இல்லாதவர்களுக்கும் தந்தருளும். ரெஜினாவுக்கும் டிரேவருக்கும் நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும். ஆமென்."

ஆமென் என்று மூன்று குரல் வர வேண்டும். இரண்டுதான் வந்தது.

கண்ணைத் திறந்தேன். ஆஞ்சலா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டிரேவர் யாரு டாடி?"

அடுப்பில் ஏதோ சீறியது. யாரோ பின்னால் சிரித்தார்கள். நான் வாயைத் திறந்தேன். வாக்கியம் எழுந்திருக்கவே இல்லை.

"என் வீட்டுக்காரர்மா," என்றார் சோஃபியா, பலகையின் அந்தக் கடைசியிலிருந்து.

ஆஞ்சலா குனிந்து தன் கிண்ணத்தைப் பார்த்தாள். அவள் கெட்டிக்காரி. சின்ன வயதிலிருந்தே ஜெபத்தில் யார் பெயர் வருகிறது என்று கவனிக்கிறவள். செத்துப்போன எங்கள் நாயின் பெயரைச் சேர்க்கச் சொல்லி என்னோடு சண்டை போட்டவள். எவனோ ஒருவனுடைய பெயர் இவள் அம்மா பெயருக்கு அடுத்து, தடுக்காமல் திக்காமல் வந்திருக்கிறது என்றால், அது இன்று முதல் தடவை வந்ததில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"ஓ," என்றாள்.

நரேஷ் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "நான் வேணா எழுந்து நிக்கவா மாமா?" என்றான்.

"உட்காரு," என்றோம் ஆஞ்சலாவும் நானும்.

சோஃபியா மடியிலிருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டினார். கோபமாகச் செய்யவில்லை. பரீட்சை முடிந்து தாள்களை எடுத்துக்கொள்கிற மாதிரி.

"இன்னும் சொல்லலை நீங்க. அவளுக்கு டிரேவர்தான் சொல்லியிருக்கார். செத்தவரை அனுப்பிச் சொல்ல வெச்சிருக்கீங்க. நான் போய் ஃபாதரைப் பாத்துட்டு வீட்டுக்குப் போறேன்."

"ஃபாதரை எதுக்கு மிஸ்?" ஆஞ்சலா கேட்டாள்.

அந்த இடத்தில் பேச வேண்டியவன் நான் ஒருவன்தான். எதிரே ரவிக்குமார் வேறு, வெங்காயத்தாள் நறுக்குவதை நிறுத்திவிட்டு எனக்காகக் காத்திருந்தார்.

"ஆஞ்சலா," என்றேன். "சோஃபியாவை நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். நாளைக்கு முதல் ஓலை."

சொல்லிவிட்டேன். கண்ணாடி முன்னால் வந்த அளவுக்கு நன்றாக வரவில்லை.

"ஓலைன்னா?" என்றான் நரேஷ்.

"நாளைக்குக் காலைல மைக்ல சொல்வாங்க," என்றாள் ஆஞ்சலா, அவனைப் பார்க்காமலே. "ஊருக்கே."

"நாளைக்கேவா?"

"நாளைக்கே." அவள் சாப்பிடுகிற குச்சியை எடுத்தாள், வைத்தாள். "நான் நாளைக்கு என்னத்தையோ நெனச்சுக்கிட்டு வந்து உட்கார்ந்திருப்பேன் டாடி. ஃபாதர் உங்க பேரை வாசிச்சிருப்பார். மேல கொயர்ல இருந்து கேரல் ஆன்ட்டி என் முதுகைப் பாத்திருப்பாங்க. என் முதுகுக்கு என்ன பண்றதுன்னு தெரிஞ்சிருக்காது."

"அதுக்குத்தான் இன்னைக்குச் சொல்லணும்னு..."

"எப்ப இருந்து?"

"ஈஸ்டர் முடிஞ்சு..."

"கல்யாணத்தைக் கேக்கலை. ஜெபத்துல ரெண்டு பேரு. எப்ப இருந்து?"

"அதுக்கு முன்னாடி, தவக்காலத்துல இருந்து."

முட்டையின் மஞ்சள் கரு சூப்பில் கரைந்து ஒரு மேகம் மாதிரிப் பரவிக்கொண்டிருந்தது.

"மம்மி துணியெல்லாம் குடுத்தாச்சு. வண்டியை வித்தாச்சு. அவங்க ரூம்ல இப்ப உங்க டிவி இருக்கு. நான் ஒண்ணும் சொல்லலை. ஜெபத்துல மட்டும் அவங்க பேரு தனியா இருந்துச்சு. அது ஒரு இடந்தான் அவங்களுக்குன்னு இருந்துச்சு டாடி."

என்னிடம் ஒரு நகைச்சுவை தயாராக இருந்தது. எப்போதும் ஒன்று இருக்கும். அதை விழுங்கினேன். ராமெனைவிட அது சூடாக இறங்கியது.

சோஃபியா பையைத் தோளிலிருந்து இறக்கினார்.

"ஆஞ்சலா, ஒண்ணு சொல்லவா? அப்புறம் போயிடறேன்."

அவள் தலையை ஆட்டினாள்.

"உங்க டாடி முதல் தடவை எங்க வீட்ல சாப்பிட வந்தப்ப, ஜெபம் அவரைத்தான் சொல்லச் சொன்னேன். உங்க அம்மா பேரைச் சொன்னார். நான் என் வீட்டுக்காரர் பேரை மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். எனக்குப் பிள்ளைங்க இல்ல. தங்கச்சி வீட்ல அவங்க மாமனார் பேரைச் சொல்வாங்க, நான் அதுல நுழைய முடியாது. அவர் பேரை யாரும் சத்தமா சொல்லி ரொம்ப நாளாச்சு. உங்க டாடி கண்ணைத் திறக்காமலே, 'சத்தமா சொல்லுங்க, அவருக்குக் கேக்கணுமில்ல'ன்னார்." சோஃபியா தண்ணீர் டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றி வைத்தார். "உங்க அம்மா இடத்தை நான் கேக்கலைம்மா. பக்கத்துல கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொன்ன மாதிரி ஆயிடுச்சு. அது தப்புன்னா, தப்புதான்."

நரேஷ் சத்தமில்லாமல் சாப்பிட ஆரம்பித்திருந்தான். ராமெனைச் சத்தமில்லாமல் சாப்பிடுவது ரொம்பக் கஷ்டம் என்று பிறகு சொன்னான்.

"அவர் எப்படி இருப்பார்?" ஆஞ்சலா கேட்டாள்.

"யாரு?"

"டிரேவர் அங்கிள்."

சோஃபியா எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்தார்.

"குட்டையா இருப்பார். சத்தம் மட்டும் பெரிசு. கேரம்ல ஏமாத்துவார். எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் அவர்கூடத்தான் எல்லாரும் ஆடுவாங்க."

"மம்மி ரம்மியில ஏமாத்துவாங்க," என்றாள் ஆஞ்சலா. "ஜோக்கரை மடியில வெச்சுப்பாங்க."

"இல்லையே," என்றேன் நான். முப்பது வருஷம் நான் ரெஜினாவிடம் தோற்றிருக்கிறேன்.

"உங்களுக்கு மட்டும்தான் தெரியாது," என்றாள் மகள். அவள் வாயோரம் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. சிரிப்பா, அழுகையா என்று பக்கவாட்டிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் பலகையை அப்படிப் போட்டவனை மனத்துக்குள் திட்டினேன்.

பிறகு அவள் குச்சியை எடுத்துச் சாப்பிட்டாள். ஊறிப்போய் விரல் தடிமனுக்கு வந்திருந்த நூடுல்ஸைக் கடைசி இழை வரை சாப்பிட்டாள். கிண்ணத்தைத் தூக்கிச் சூப்பையும் குடித்தாள். நானும் சோஃபியாவும் அவளைப் பார்த்துப் பார்த்து எங்கள் பங்கைச் சாப்பிட்டோம். என்ன ருசி என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. உப்பு இருந்தது. எங்கிருந்து வந்த உப்பு என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

"நல்லா இருந்துச்சா சார்?" ரவிக்குமார் கேட்டார், கேட்கவே பயந்த குரலில்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா."

"பொய் சொல்லாதீங்க சார். அடுத்த தடவை வந்தா ஜெபத்தை வெளியில நிக்கும்போதே முடிச்சுடுங்க."

வெளியே தூறல் நின்றிருந்தது. நரேஷ் பைக்கைத் திருப்பி நிறுத்தினான். ஆஞ்சலா ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, போட்டுக்கொள்ளாமல் நின்றாள்.

"டாடி, ஓலை வாசிச்சு முடிச்சதும், ஏதாவது தடை இருக்கறது தெரிஞ்சவங்க வந்து சொல்லணும்னு ஃபாதர் சொல்வாரில்ல?"

"சொல்வார்."

"யார் வேணாலும் போய்ச் சொல்லலாமா?"

"சொல்லலாம்மா."

"சரி." அவள் சோஃபியாவின் பக்கம் திரும்பினாள். "மிஸ், நீங்க பூசையில எப்பவும் மேலதானே உட்காருவீங்க?"

"ஆமா, கொயர்ல. கீபோர்டு பக்கத்துல."

"நாளைக்கு அங்க உட்காராதீங்க."

"வேற எங்கம்மா?"

ஹெல்மெட் தலைக்குள் இறங்கிவிட்டது. கண்ணாடியும் இறங்கிவிட்டது. கருப்புக் கண்ணாடி, எங்கள் இரண்டு பேரின் முகமும் அதில் சின்னதாகத் தெரிந்தது, அவள் முகம் தெரியவில்லை. நரேஷ் மட்டும் என்னைப் பார்த்து, எனக்கும் ஒன்றும் தெரியாது மாமா என்பது போலக் கையை விரித்துவிட்டு வண்டியை எடுத்தான்.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்றேன். "கோயிலுக்கே வராதீங்கங்கறாளா, இல்ல..."

"எனக்கென்ன தெரியும்? எட்டாங் கிளாஸ்லயே அவ அப்படித்தான். பாதி விடையை எழுதிட்டு அடிஷனல் ஷீட் கேப்பா."

"மீதி விடை சரியா இருக்குமா?"

"சில சமயம்."

"நீங்க இப்ப ஃபாதர்கிட்ட போறீங்களா?"

சோஃபியா கைப்பையைத் திறந்து போனை எடுத்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு எண்ணைத் தேடினார். பங்குத்தந்தையின் எண்ணாக இருக்குமோ என்று எட்டிப் பார்க்கத் துணிச்சல் இல்லாமல், எதிர்க்கடையின் பெயர்ப்பலகையை மும்முரமாகப் படித்தேன். கன்னடத்தில் இருந்தது. இரண்டு முறை படித்தும் என்ன கடை என்று மனத்தில் ஏறவில்லை.

"கேரல்? நான் சோஃபியா பேசறேன்," என்றார். "நாளைக்கு நான் கொயருக்கு வரலை. காணிக்கைப் பாட்டை நீங்களே எடுத்துடுங்க... இல்லை இல்லை, பூசைக்கு வர்றேன். கீழதான்."

அந்தப் பக்கம் கேரல் ஏதோ கேட்டார்.

"எந்தப் பெஞ்சா?" சோஃபியா தெருவைப் பார்த்தார். பைக் திரும்பிப்போன முனையில் யாரும் இல்லை. "தெரியலை கேரல். அங்க வந்து நின்னு பாக்கறேன். யாராவது நகர்ந்து இடம் குடுத்தா உட்காருவேன்."